மாறியதை மட்டும் எடுத்தால் போதும்: பிராக்ஸ்மாக்ஸில் விஎம் டிஸ்க்குகளுக்கு இன்கிரிமென்ட்டல் பேக்கப்

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அலுவலக சர்வரில் ஐந்து விஎம்கள் (ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓடுகின்றன. கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், கோப்புகள் வைக்க ஒன்று, ஒரு டேட்டாபேஸ், சில்லறை வேலைகளுக்கு இரண்டு லினக்ஸ். எல்லாம் சேர்த்து 600 ஜிபி. தினமும் இரவு 11 மணிக்கு ஐந்தையும் முழுசாகப் பேக்கப் எடுத்து நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியான ஒரு நாஸில் போட்டுவந்தேன். சுருக்கிய பிறகும் ஒரு நாள் பேக்கப் 350 ஜிபி வரும். 4 டிபி நாஸில் அது பதினொரு தடவைக்கு மேல் கொள்ளாது.

மூன்று வாரம் முன்னால் யாரோ அழித்துவிட்ட ஓர் எக்செல் கோப்பை ஒருநாள் கணக்காளர் கேட்டார். என்னிடம் இருந்ததிலேயே பழைய பேக்கப்புக்கு வயது பதினொரு நாள். "தினமும் பேக்கப் எடுக்கிறேன்னு சொன்னீங்களே சார்" என்றார். எடுத்தேன்தான். அவருக்கு வேண்டியது அதில் இல்லை.

அந்த 600 ஜிபியில் ஒரு நாளைக்கு மாறுவது 10 ஜிபிகூட இராது. மீதி 590 ஜிபியைத் தினமும் மூட்டை கட்டி, நெட்வொர்க் வழியாகத் தூக்கிக்கொண்டு போய், நேற்று வைத்த அதே சரக்கின் பக்கத்தில் இன்னொரு பிரதியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். சுருக்காமல் கணக்குப் போட்டால் 30 நாளுக்கு 18 டிபி. முதல் நாள் 600 ஜிபி, மீதி 29 நாளும் மாறிய பத்துப் பத்து ஜிபி மட்டும் என்றால் 890 ஜிபி. மாறியதை மட்டும் எடுக்கும் இந்த முறைக்குத்தான் இன்கிரிமென்ட்டல் பேக்கப் என்று பெயர்.

இந்தக் கட்டுரை விஎம்களை ஓட்டும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் விஇ இருக்கும் ஹோஸ்ட் சர்வரையும் (விஎம்களைத் தாங்கும் நிஜ இயந்திரம்), அதே வியன்னா நிறுவனம் 2020 நவம்பரில் 1.0 பதிப்பாக வெளியிட்ட பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரையும் வைத்து எழுதியது. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், இலவசமாகவே ஓட்டலாம். பேக்கப் சர்வரை இனி பிபிஎஸ் என்று சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் ஹோஸ்ட் வேறு என்றாலும் அடிப்படை இதேதான்: விஎம்வேரில் 2009-இன் விஸ்பியர் 4 முதல் சிபிடி என்ற பெயரிலும், ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2016 முதல் ஆர்சிடி என்ற பெயரிலும் மாறியதைக் குறித்துக்கொள்ளும் இந்த வசதி இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விஎம்மின் பக்கத்தில் 'ஸ்னாப்ஷாட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது விஎம்மின் அந்த நொடி நிலையைப் பிடித்துவைப்பது, பேக்கப் அல்ல. அப்டேட் போடுவதற்கு முன் எடுத்து, சரியாகிவிட்டால் அழித்துவிட வேண்டியது. அது அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும், டிஸ்க் போனால் அதுவும் கூடவே போகும்.

உள்ளே என்ன நடக்கிறது

பொத்தான்களை அழுத்துவதற்கு முன் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். பின்னால் வரும் பாதிச் சந்தேகங்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இதில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புவார்கள், நானும் குழம்பியிருக்கிறேன்.

முதலாவது டர்ட்டி பிட்மேப். வீட்டில் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து ஒவ்வொன்றும் அழுக்கா என்று பார்த்துத் தேய்க்க மாட்டோம். தொட்டியில் கிடப்பதை மட்டும் தேய்ப்போம். விஎம்மை ஓட்டும் கியூஎமு என்ற நிரல் அந்தத் தொட்டியை வைத்திருக்கிறது. பேக்கப் தொடங்கிய நொடியில் இருந்து விஎம் டிஸ்க்கில் எந்த இடத்தில் எழுதினாலும், அந்த இடத்துக்கு நேரே ஒரு குறி போட்டுவைக்கும். மறுநாள் இரவு குறி விழுந்த இடங்களை மட்டும் படித்தால் போதும். 500 ஜிபி டிஸ்க்கில் 3 ஜிபிதான் அழுக்கு என்றால் 3 ஜிபிதான் படிப்பு.

இந்தக் குறிகள் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் கியூஎமுவின் நினைவகத்தில். விஎம்மை முழுசாக அணைத்தாலோ ஹோஸ்ட்டை ரீஸ்டார்ட் செய்தாலோ போய்விடும். விஎம்முக்குள் இருந்தபடி ரீபூட் செய்தால் போகாது, ஏனென்றால் வெளியே கியூஎமு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. குறிகள் போய்விட்டால் அன்றைக்கு மட்டும் டிஸ்க் முழுவதையும் படித்தாக வேண்டும்.

அப்படியென்றால் அன்றைக்கு மறுபடி முழு பேக்கப்பா? இல்லை. இங்கேதான் இரண்டாவது வேலை வருகிறது. பிபிஎஸ், விஎம் டிஸ்க்கை ஒரே நீளக் கோப்பாக வைத்துக்கொள்வதில்லை. 4 எம்பி அளவுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-256 முறையில் ஒரு கைரேகை எடுத்து, அதையே துண்டின் பெயராக வைக்கிறது. ஹோஸ்ட் ஒரு துண்டை அனுப்பும் முன் அதே கைரேகை முந்தைய பேக்கப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அனுப்பாது. ஆகவே குறிகள் அழிந்த நாளில் படிக்கும் நேரம் கூடும். பிபிஎஸ்ஸில் அடைபடும் இடம் அதிகரிக்காது.

ஒரு நாளின் பேக்கப் என்பது உண்மையில் ஒரு பட்டியல்தான். 'இந்த டிஸ்க்கின் முதல் துண்டு இது, இரண்டாவது துண்டு அது' என்று வரிசையாகக் கைரேகைகள். திங்கட்கிழமைப் பட்டியலும் செவ்வாய்க்கிழமைப் பட்டியலும் பெரும்பாலும் ஒரே துண்டுகளைத்தான் சுட்டும். பழைய முறையில் ஒரு முழு பேக்கப், அதன்மேல் திங்கள், அதன்மேல் செவ்வாய் என்று சங்கிலி போட்டிருப்பார்கள். நடுவில் புதன் கெட்டால் வியாழன், வெள்ளி இரண்டும் வீண். இங்கே சங்கிலி இல்லை. எந்த நாளை வேண்டுமானாலும் அழிக்கலாம், மற்ற நாட்களுக்கு ஒன்றும் ஆகாது. எந்த நாளையும் முழு பேக்கப் போலவே திரும்ப எடுக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இதில் உறுத்தும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 4 எம்பி துண்டுக்குள் 4 கேபி மாறினாலும் முழுத் துண்டும் புதிதாகத்தான் போகும். டேட்டாபேஸ் மாதிரி டிஸ்க் முழுக்க அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம் எழுதும் விஎம்மில், ஆயிரம் இடத்தில் 4 கேபி மாறினால் உண்மையான மாற்றம் 4 எம்பி, அனுப்ப வேண்டியது 4 ஜிபி வரை போகலாம். 'ஒரு நாளைக்கு நூறு ரசீதுதானே போடுகிறோம், பேக்கப் ஏன் 6 ஜிபி?' என்று கேட்டால் இதுதான் காரணம்.

இன்னொன்று அதைவிட முக்கியம். நூறு நாள் பட்டியலும் ஒரே துண்டைச் சுட்டுகின்றன என்றால், அந்தத் துண்டு டிஸ்க்கில் கெட்டுப்போன அன்று நூறு பேக்கப்பும் சேர்ந்து கெடும். முழு பேக்கப் எடுத்த காலத்தில் வீணாக அடுக்கிய பிரதிகள் தற்செயலாக ஒரு பாதுகாப்பும் தந்தன. இப்போது அதை விட்டுக்கொடுத்துவிட்டோம். பின்னால் 'வெரிஃபை', இரண்டாம் பிரதி என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

பெட்டி

பிபிஎஸ்ஸைத் தனி இயந்திரத்தில் போடுங்கள். பழைய டெஸ்க்டாப் போதும். அதே ஹோஸ்ட்டுக்குள் ஒரு விஎம்மாகப் போட்டு, அதே டிஸ்க்கில் பேக்கப் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகிப் பார்க்க அது சரி. அதற்கு மேல் பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

ரேம் 4 ஜிபி, அதற்கு மேல் ஒவ்வொரு டிபி பேக்கப் இடத்துக்கும் 1 ஜிபி என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு. டிஸ்க் முடிந்தால் எஸ்எஸ்டி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடும், பேக்கப் எடுக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி அலையும் வெரிஃபை (துண்டுகளைச் சரிபார்த்தல்), குப்பை அகற்றல் (தேவையற்ற துண்டுகளை அழித்தல்) மாதிரி வேலைகளில் மணிக்கணக்கில் இழுக்கும். நாஸ் பெட்டியின் பகிர்வை மவுன்ட் செய்து அதன்மேல் டேட்டாஸ்டோர் (பிபிஎஸ் பேக்கப்புகளை வைக்கும் இடம்) வைப்பதைத் தவிருங்கள். குப்பை அகற்றல், கோப்பைக் கடைசியாகத் தொட்ட நேரத்தை நம்பித்தான் நடக்கிறது. அந்த நேரத்தை ஒழுங்காகப் பதியாத பகிர்வில் ஆபத்து.

பிபிஎஸ் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதி நிறுவுவது பிராக்ஸ்மாக்ஸ் விஇ நிறுவுவதைப் போலவேதான், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முடிந்ததும் பிரவுசரில் அந்த ஐபி முகவரி, போர்ட் 8007. ஹோஸ்ட்டுக்கு 8006, இதற்கு 8007. ரூட் பயனராக உள்ளே போங்கள். அப்டேட் பார்க்கும்போது பிழை வந்தால் பயப்பட வேண்டாம். கட்டணச் சந்தாவுக்கான ரெப்பாசிட்டரி (அப்டேட்கள் வரும் இடம்) இயல்பாக இயங்கு நிலையில் இருப்பதால் வருவது அது. அதை நிறுத்திவிட்டு, சந்தா இல்லாதவர்களுக்கான 'நோ-சப்ஸ்கிரிப்ஷன்' ரெப்பாசிட்டரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

அப்புறம் 'ஸ்டோரேஜ் / டிஸ்க்ஸ்' பகுதியில் பேக்கப்புக்கான டிஸ்க்கைத் தேர்ந்து, இசட்எஃப்எஸ் ஆகவோ சாதாரண டைரக்டரியாகவோ உருவாக்கி, 'ஆட் டேட்டாஸ்டோர்' கொடுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் இசட்எஃப்எஸ் மிரர் (இரண்டிலும் ஒரே தரவு) போடுங்கள் என்பேன். உருவாக்கும்போது ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நேரம் கரகரக்கும். துண்டுகளை வகைபிரித்து வைக்க 65,536 துணைக் கோப்புறைகளை முதலிலேயே உருவாக்கிக்கொள்கிறது.

ஹோஸ்ட்டுக்கு எவ்வளவு அதிகாரம்

ஹோஸ்ட்டை பிபிஎஸ்ஸோடு இணைக்க ரூட் கடவுச்சொல்லையே கொடுத்துவிடலாம், வேலை செய்யும். செய்யாதீர்கள். ஹோஸ்ட்டுக்குள் ரான்சம்வேர் புகுந்தால் அதே கடவுச்சொல்லை வைத்து பேக்கப்புகளையும் அழித்துவிட்டுத்தான் பணம் கேட்பார்கள்.

பிபிஎஸ்ஸில் 'ஆக்சஸ் கன்ட்ரோல்' போய் ஒரு புதிய பயனரை உருவாக்குங்கள். அவர் பெயரில் ஒரு ஏபிஐ டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதில் நிரல்கள் பயன்படுத்தும் அடையாளம்). டோக்கனின் ரகசியம் திரையில் ஒரே ஒரு முறைதான் தெரியும், அப்போதே நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் உங்கள் டேட்டாஸ்டோரின் பாதையைத் தேர்ந்து, 'டேட்டாஸ்டோர்பேக்கப்' என்ற பொறுப்பைக் கொடுங்கள். இந்தப் பொறுப்பில் இருப்பவர் பேக்கப் எழுதலாம், தான் எழுதியதைத் திரும்ப எடுக்கலாம். அழிக்க முடியாது.

இந்தப் பொறுப்பைப் பயனருக்கும் கொடுக்க வேண்டும், டோக்கனுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் இருக்கும் அதிகாரம்தான் டோக்கனுக்குக் கிடைக்கும். பயனருக்கு மட்டும் கொடுத்துவிட்டு 'பெர்மிஷன் இல்லை என்கிறதே' என்று அரை நாள் முட்டிக்கொண்டவன் நான்.

இனி ஹோஸ்ட் பக்கம். பிராக்ஸ்மாக்ஸ் விஇயில் 'டேட்டாசென்டர்', 'ஸ்டோரேஜ்', 'ஆட்', அதில் 'பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்'. சர்வர் முகவரி, டேட்டாஸ்டோர் பெயர், பயனர்பெயர் இடத்தில் டோக்கனின் முழுப்பெயர் (நடுவில் ஆச்சரியக்குறியோடு வரும்), கடவுச்சொல் இடத்தில் ரகசியம். 'ஃபிங்கர்பிரின்ட்' என்ற கட்டத்தில், பிபிஎஸ் சர்வரை அடையாளம் காட்டும் குறியை அதன் டாஷ்போர்டில் இருந்து எடுத்து ஒட்டுங்கள். அதே சாளரத்தில் 'பேக்கப் ரிட்டென்ஷன்' என்று ஒரு தாவல் இருக்கும். அங்கே எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்பதையே விட்டுவிடுங்கள். பழையதைக் கழிக்கும் வேலை பிபிஎஸ்ஸினுடையது. அழிக்கும் அதிகாரத்தைத்தான் ஹோஸ்ட்டிடம் இருந்து பிடுங்கிவிட்டோமே.

பக்கத்துத் தாவலில் என்கிரிப்ஷன். பிபிஎஸ் உங்கள் கட்டடத்திலேயே உங்கள் பூட்டுக்குள் இருந்தால் கட்டாயமில்லை. பேக்கப் வெளியிடத்துக்குப் போகும் என்றால் போடுங்கள். போட்டால், திரையில் சாவியைத் தரவிறக்கவும் அச்செடுக்கவும் கேட்கும். அதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று மூடிவிடாதீர்கள். இயல்பாக அந்தச் சாவி ஹோஸ்ட்டிலேயேதான் இருக்கும். ஹோஸ்ட் எரிந்துபோன அன்றைக்குத்தான் பேக்கப் தேவை, அன்றைக்குச் சாவியும் சேர்ந்து எரிந்திருக்கும். தாளில் அச்செடுத்து வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.

விஎம்களைத் தயார்செய்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் டிஸ்க்கை அப்படியே படம் பிடித்தால், அது மின்சாரம் போன நொடியில் இருந்த டிஸ்க்குக்குச் சமம். பெரும்பாலும் எழுந்துவிடும். 'பெரும்பாலும்' போதாது என்றால், விஎம்முக்குள் இருந்து ஹோஸ்ட்டோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட் போடுங்கள். லினக்ஸ் விஎம்மில் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற தொகுப்பு எல்லா விநியோகங்களிலும் இருக்கும். விண்டோஸுக்கு விர்ட்ஐஓ டிரைவர்களின் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே நிறுவிய பிறகு, ஹோஸ்ட்டில் அந்த விஎம்மின் 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட்' என்பதை இயக்கி, விஎம்மை முழுசாக அணைத்து மறுபடி ஏற்றுங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் மாற்றம் வராது.

இதைச் செய்தபின், பேக்கப் தொடங்கும் நொடியில் ஹோஸ்ட் ஏஜென்டிடம் சொல்லும், ஏஜென்ட் கோப்பு முறைமையை ஒரு கணம் உறையவைக்கும். டேட்டாபேஸ் விஎம்முக்கு இதுவும் முழு உத்தரவாதம் அல்ல. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி மாதிரி லாக் வைத்துக்கொள்ளும் அமைப்புகள் தாமாகவே மீண்டுவிடும். பழைய மைஐஎஸ்ஏஎம் அட்டவணைகள் இருந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப்பட்ட விஎம்மில் பேக்கப்புக்கு அரைமணி நேரம் முன்பு உள்ளேயே ஒரு டேட்டாபேஸ் டம்ப் (தரவு முழுவதும் ஒரு கோப்பாக) எடுத்து வைக்கிறேன். டிஸ்க் பேக்கப்போடு அதுவும் சேர்ந்து போய்விடும்.

இன்னொரு சின்ன விஷயம், நல்ல லாபம் தரும். விஎம்முக்குள் அழித்த கோப்புகளின் மிச்சம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், பேக்கப்பில் அதுவும் போகும். டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்ட்' என்ற பெட்டியில் டிக் போட்டு, லினக்ஸில் காலி இடங்களை டிஸ்க்குக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை ஓடவிடுங்கள். இடத்தைத் தேவைக்கேற்ப ஒதுக்கும் ஸ்டோரேஜாக இருந்தால் காலியான இடங்கள் சுழியங்களாகப் படிக்கப்படும், அவற்றுக்கு பேக்கப்பில் ஏறக்குறைய இடமே ஆகாது. தற்காலிகக் கோப்புகளுக்கென்று தனி டிஸ்க் வைத்திருந்தால், அந்த டிஸ்க்கின் அமைப்பில் 'பேக்கப்' என்ற டிக்கை எடுத்துவிடலாம். எடுத்ததை எங்காவது எழுதியும் வையுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த டிஸ்க்கில் யாராவது முக்கியமானதைப் போட்டிருப்பார்கள்.

முதல் இரவு, இரண்டாம் இரவு

'டேட்டாசென்டர்', 'பேக்கப்', 'ஆட்'. ஸ்டோரேஜ் இடத்தில் இப்போது சேர்த்தது. நேரம் இரவு 9 மணி என்று வைத்துக்கொள்வோம். முறை 'ஸ்னாப்ஷாட்'. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், முன்னால் சொன்ன ஸ்னாப்ஷாட் இது அல்ல. விஎம்மை நிறுத்தாமல் எடு என்பதுதான் இங்கே பொருள். விஎம்களைத் தேர்வதில் 'எல்லாம்' என்று வைத்து, வேண்டாததை விலக்குங்கள். ஒவ்வொன்றாகத் தேர்ந்து வைத்தால், அடுத்த மாதம் உருவாக்கும் புதிய விஎம் பட்டியலில் வராது, ஒருவருக்கும் தெரியாது.

முதல் தடவையை இரவுக்கு விடாமல் சனிக்கிழமை மதியம் 'ரன் நவ்' கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். லாகில் 'டர்ட்டி பிட்மேப் ஸ்டேட்டஸ்: கிரியேட்டட் நியூ' என்று வரும். எல்லாவற்றையும் படிக்கும். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி என்றால் 600 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம். அது உச்சவேகக் கணக்கு, இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முடிந்ததும் உடனே இரண்டாம் தடவை ஓட்டிப் பாருங்கள். இப்போது லாகில் வேகமான இன்கிரிமென்ட்டல் முறை என்றும், 32 ஜிபியில் இத்தனை எம்பிதான் அழுக்கு என்றும் வரும். முதலில் முக்கால் மணி நேரம் எடுத்த விஎம் சில நொடிகளில் முடிந்துவிடும். நான் முதல்முறை பார்த்தபோது ஏதோ பிழை என்று நினைத்து மூன்றாம் தடவையும் ஓட்டினேன்.

பிறகு என்றாவது ஒருநாள் காலை லாகில் மறுபடியும் 'கிரியேட்டட் நியூ' என்று பார்ப்பீர்கள். முந்தின நாள் அந்த விஎம்மை அணைத்து ஏற்றியிருப்பீர்கள், அவ்வளவுதான். கடைசி வரியில் எவ்வளவு பழைய துண்டுகள் மறுபடி பயன்பட்டன என்ற விழுக்காடு இருக்கும், அது 90-க்கு மேல் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. ஹோஸ்ட்டின் லினக்ஸ் கெர்னலையே பகிர்ந்து ஓடும் எல்எக்ஸ்சி கன்டெய்னர்களுக்கு இந்தக் குறி போடும் வசதி கிடையாது, அங்கே கியூஎமுவே இல்லையே. அவற்றை இயல்பான அமைப்பில் தினமும் படித்துத்தான் எடுக்கும், அனுப்புவதும் சேமிப்பதும் மட்டும் மிச்சம்.

பேக்கப் ஓடும்போது விஎம் இழுக்கிறது என்று புகார் வரலாம். காரணம் சுவாரசியமானது. இன்னும் பேக்கப் ஆகாத இடத்தில் விஎம் எழுத முயன்றால், பழைய தரவைப் பேக்கப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுத அனுமதி கிடைக்கும். பேக்கப் பெட்டி மெதுவானது என்றால் அந்த மெதுவை விஎம்மும் சுமக்கும். பிராக்ஸ்மாக்ஸ் விஇ 8.2 முதல் இதற்கு 'ஃபிளீசிங்' என்ற வசதி வந்துவிட்டது. பழைய தரவை ஹோஸ்ட்டின் வேகமான டிஸ்க்கில் தற்காலிகமாக வைத்துவிட்டு, விஎம்மைப் போகவிடும். பேக்கப் வேலையின் 'அட்வான்ஸ்டு' தாவலில் இருக்கிறது.

கழித்தலும் குப்பையும்

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதை பிபிஎஸ்ஸில் டேட்டாஸ்டோரின் 'புரூன்' பகுதியில் சொல்கிறோம். நான் வைத்திருப்பது: கடைசி 3, தினசரி 7, வாரம் 4, மாதம் 6. தினசரிக் கணக்கில் வந்துவிட்ட வாரத்தை வாரக் கணக்கில் மறுபடி எண்ணாது. ஆகவே கடைசி மூன்றும், அதற்கு முந்தைய ஏழு நாளும், அதற்கு முந்தைய நான்கு வாரமும், அதற்கும் முந்தைய ஆறு மாதமும் கையில் இருக்கும். கணக்காளர் கேட்ட மூன்று வாரம் இதில் சுலபமாக அடங்கும்.

புரூன் செய்தால் போவது பட்டியல் மட்டும். துண்டுகள் அங்கேயேதான் இருக்கும், வேறு நாட்கள் அவற்றைச் சுட்டுகின்றனவா என்று புரூனுக்குத் தெரியாது. அதைப் பார்ப்பது 'கார்பேஜ் கலெக்ஷன்' என்ற குப்பை அகற்றல். முதல் சுற்றில் எல்லாப் பட்டியலையும் படித்து, சுட்டப்படும் துண்டுகளைத் தொட்டுவைக்கும். இரண்டாம் சுற்றில் தொடப்படாத துண்டுகளை அழிக்கும். அதிலும் 24 மணி 5 நிமிடத்துக்குள் தொட்ட எதையும் அழிக்காது. லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாகக் கோப்பைத் தொட்ட நேரத்தை நாளுக்கு ஒருமுறைதான் பதிகின்றன, அதனால் இந்த முன்னெச்சரிக்கை.

இது தெரியாமல் ஒருமுறை நான் மாட்டிக்கொண்டேன். டிஸ்க் 97 சதவீதம். பதறிப்போய்ப் பழைய பேக்கப்புகளை வரிசையாக அழித்தேன், ஒரு எம்பிகூடக் குறையவில்லை. குப்பை அகற்றலை ஓட்டினேன், அப்போதும் கொஞ்சம்தான். இன்னும் அழித்தேன். மறுநாள் மாலை ஓட்டியபோதுதான் எல்லா இடமும் வந்தது, அதற்குள் தேவையான இரண்டு மாத பேக்கப்புகளையும் சேர்த்து அழித்திருந்தேன். டிஸ்க் சுத்தமாக நிரம்பிவிட்டால் குப்பை அகற்றலே ஓடாமல் போகவும் கூடும். 80 சதவீதத்தைத் தாண்டும்போதே யோசியுங்கள். புரூன் தினமும், குப்பை அகற்றல் தினமும் அல்லது வாரம் ஒருமுறை என்று அட்டவணை போட்டுவிட்டால் இந்தக் கூத்து இல்லை.

'வெரிஃபை ஜாப்ஸ்' பகுதியில் வாரம் ஒருமுறை சரிபார்ப்பு. ஒவ்வொரு துண்டையும் படித்து, மறுபடி கைரேகை எடுத்து, பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். ஏற்கெனவே சரிபார்த்ததை 30 நாள் கழித்து மறுபடி பார்ப்பது இயல்பான அமைப்பு, அப்படியே விடுங்கள். மின்னஞ்சல் அறிவிப்பையும் போட்டு, ஒரு சோதனை அஞ்சல் வருகிறதா என்று பாருங்கள். பேக்கப் நின்று இரண்டு மாதமாகியும் தெரியாமல் இருந்த இடங்களுக்குப் போயிருக்கிறேன்.

இரண்டாம் பிரதி

வேறொரு இடத்தில் இன்னொரு பிபிஎஸ் வைக்க முடிந்தால், அதில் 'சிங்க் ஜாப்' போட்டு முதலாவதில் இருந்து இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய துண்டுகள் மட்டுமே பயணிக்கும், சாதாரண இணைய இணைப்பே தாங்கும். முதல் பிரதியை மட்டும் இணைப்பில் குறைந்த வேகத்தில் அனுப்பாமல், இரண்டு பெட்டியையும் ஒரே மேசையில் வைத்து எடுத்துவிட்டு, அப்புறம் தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டாம் பெட்டி இழுக்க வேண்டும், முதல் பெட்டி தள்ளக் கூடாது என்பது என் கட்சி. அப்போதுதான் முதல் பெட்டியைக் கைப்பற்றியவனிடம் இரண்டாவதன் சாவி இருக்காது. 'ரிமூவ் வேனிஷ்டு' என்ற டிக்கைத் தொடாதீர்கள். தொட்டால் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும்.

இன்னொரு பெட்டிக்கு வசதி இல்லையா? பிபிஎஸ் 3.3 முதல் யுஎஸ்பி டிஸ்க்கையே கழற்றி மாட்டும் டேட்டாஸ்டோராக வைக்கலாம். வாரம் ஒருநாள் மாட்டி, சிங்க் செய்து, கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

விஎம்மின் அமைப்புக் கோப்பு பேக்கப்போடு போய்விடும். ஹோஸ்ட்டின் சொந்த நெட்வொர்க் அமைப்பும் ஸ்டோரேஜ் பட்டியலும் போகாது. அவற்றைத் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள், சில கேபிதான்.

திரும்ப எடுத்துப் பார்த்தல்

ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால், ஹோஸ்ட்டில் அந்த பேக்கப்பைத் தேர்ந்து 'ஃபைல் ரிஸ்டோர்'. பின்னணியில் ஒரு குட்டி விஎம் எழுந்து, டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைத் திறந்து காட்டும், கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அந்தக் கணக்காளர் போன மாதம் இன்னொரு கோப்பைக் கேட்டார். இந்தத் தடவை அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கொடுத்துவிட்டேன்.

முழு விஎம்மைத் திரும்ப எடுத்துச் சோதிக்கும்போது புதிய எண் கொடுங்கள், பழையதன்மேல் எழுதிவிடாதீர்கள். 'யுனிக்' என்ற டிக்கைப் போட்டால் நெட்வொர்க் அட்டைக்குப் புதிய மேக் முகவரி கிடைக்கும். ஆனால் உள்ளே ஐபியைக் கையால் எழுதி வைத்திருந்தால் அதே ஐபியோடுதான் எழும். ஆகவே எடுத்தவுடன் தானாக ஏற்றும் டிக்கை விட்டுவிட்டு, விஎம்மின் நெட்வொர்க் அட்டையில் 'டிஸ்கனெக்ட்' போட்டபிறகு ஏற்றுங்கள். இதை மறந்து, வேலை நேரத்தில் ஒரே ஐபியில் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் நின்ற அரைமணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். 'லைவ் ரிஸ்டோர்' என்றும் ஒன்று உண்டு. தரவு வந்துகொண்டிருக்கும்போதே விஎம் எழுந்து வேலை பார்க்கும். அவசரத்துக்கு அருமை, ஆனால் நடுவில் இணைப்பு அறுந்தால் எழுந்த பிறகு அதில் எழுதியதெல்லாம் போய்விடும்.

ஏற்றிய விஎம்மில் உள்நுழைந்து, கணக்கு மென்பொருளைத் திறந்து, நேற்றைய கடைசி ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். விஎம் எழுந்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். பிறகு அந்தச் சோதனை விஎம்மை அழித்துவிடலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை எனக்கு இதுதான் வேலை, விஎம்களை முறைவைத்து மாற்றி மாற்றி எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் எடுத்த நேரத்தை சர்வர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் எழுதுகிறேன். 200 ஜிபி கணக்கு விஎம்முக்குக் கடைசியாக எழுதியது 41 நிமிடம். சர்வர் படுத்த அன்றைக்கு முதலாளி வாசலில் நின்று "எப்பப்பா வரும்?" என்று கேட்பார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.